அங்கமுத்து அன்புடன் அழைக்கிறார்

பெரம்பலூரில் நான் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே மிஷின்தான். கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளையின் நண்பர்கள் முகத்தை வரிசையாகப் போடவேண்டும். ஒருவன் முகம் பக்கத்தில் இருப்பவன் முகத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகப் போனாலும் கடைக்கே வந்து சண்டை போடுவான். இத்தனை வருஷத்தில் இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். தன் பேர் போட்டிருக்கிற இடத்துக்குத்தான் மனுஷன் வருவான். பேர் போடாத இடத்துக்கு வரமாட்டான், வந்தாலும் குறை சொல்லத்தான் வருவான்.

என் அக்கா மலர்கொடி இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில் நர்சாக இருக்கிறாள். போன மே மாதம் போன் செய்து ஒரு போஸ்டர் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள். என்ன விசேஷம் என்றேன். கார்னிவல் என்றாள். பிரேசில் நாட்டில் வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்கள் மொத்தமாகத் தெருவுக்கு வந்து மேளம் அடித்து ஆடுவார்களாம். அந்த இசைக்குப் பெயர் சாம்பா. நெல் இல்லை என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். ஷெஃபீல்டில் அதை வாசிப்பதற்கு ஒரு குழு இருக்கிறது, அதில் இவள் பெரிய மேளம் அடிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பிள்ளைகளைத் தவிர வேறு எதையும் அடித்ததில்லை.

குழுவில் முப்பது பேர் போல இருக்கிறார்கள். பஸ் டிரைவர், டீச்சர், தபால்காரர், பல் டாக்டர் என்று பலவகை. பிரேசில்காரர் யாரும் இல்லை. ஒரு அம்மாள் இருந்தாராம், குளிர் தாங்காமல் ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவை அடைத்து இவர்கள் ஊர்வலம் போகிறார்கள். போன வருஷம் பார்க்க வந்தவர்களைவிட அடிக்க வந்தவர்கள் அதிகம். இந்த வருஷமும் தெருவோரம் காலியாக இருந்தால் அடுத்த வருஷம் தெருவை அடைத்துத் தரமுடியாது என்று அங்குள்ள நகராட்சி ஆபீசர் அம்மாள் சொல்லிவிட்டார். ஊர்வலம் நின்றால் குழுவும் கலைந்துவிடும். விளம்பரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது மற்றவர்கள் கூரையைப் பார்த்திருக்கிறார்கள். அக்கா மட்டும் கேட்டவரைப் பார்த்துவிட்டாள்.

கலைந்தால் கலையட்டும், வேறு ஏதாவது செய்யேன் என்றேன்.  

"டூட்டி முடிஞ்சு வூட்டுக்கு வந்தா பேச ஆளு இல்ல தம்பி," என்றாள். "புதங்கிழம சாயந்திரம் மேளம் பழகப் போறது ஒண்ணுதான், நான் வருவேன்னு நாலு பேரு எதிர்பாக்குற இடம். அதுவும் போயிட்டா நான் என்ன பண்றது."

எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை. அக்காவுக்கு ஏன் பேச ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது வரதராஜன்பேட்டையில் இருக்கும் எங்கள் அத்தை கிருஷ்ணம்மாளின் மகன் மகேஷுக்கு. அத்தை என் அப்பாவுக்கு உடன்பிறந்த ஒரே தங்கை. மகேஷ் கெட்டவன் இல்லை. அக்காவோடு ஷெஃபீல்டுக்குப் போய் இரண்டு வருஷம் சோபாவில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அக்கா டபுள் டூட்டி பார்த்தாள். கடைசியில் விவாகரத்து வாங்கினாள். அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனவள், அதன்பிறகு வரவே இல்லை. அப்பா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான்கு வருஷமாகிறது. அம்மா இல்லாத வீடு, எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை. அக்கா போன் வந்தால் அப்பா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். எங்களிடம் இருப்பது ஒரே மாடு. அதை இவ்வளவு நேரம் பார்க்க அவசியமில்லை. அப்பா, அக்கா இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அக்கா மேல் இருப்பது சீக்கிரம் போய்விடும்.

அவள் பழைய போஸ்டரை அனுப்பி வைத்தாள். தலையில் இறகு வைத்த ஒரு பெண் சிரிக்கிறாள். தேதி, நேரம், அனுமதி இலவசம். அவ்வளவுதான். யார் கூப்பிடுகிறார்கள் என்றே இல்லையே என்றேன். குழுவின் பெயர் கீழே இருக்கிறதே என்றாள். குழு என்பது ஆளா, குழு கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று கேட்டேன். வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் பேரில் அழைத்தால்தான் அது அழைப்பு, இல்லாவிட்டால் அது வெறும் தகவல். உங்கள் குழுவில் மூத்தவர் யார் என்றேன். விசில் ஊதி மேளத்தை நடத்தும் மார்கரெட் அம்மாளுக்கு எழுபது வயது, ஆனால் அவருக்குத் தன் பேர் வெளியே வருவது பிடிக்காது என்றாள். பேர் பிடிக்காத மனுஷியை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அதனால் அப்பா பேரைப் போட்டேன். பெரியப்பா பேத்தி காதுகுத்துக்கு எடுத்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கூப்பிய கை. அதைப் பெரிதாக நடுவில் வைத்து, வேப்பந்தட்டை திரு. அங்கமுத்து அவர்கள் தங்களைச் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து கார்னிவலைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறார் என்று இங்கிலீஷில் போட்டேன். கீழே வரவேற்புக் குழு. அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள், குடியிருப்பவர்கள் எல்லோர் பேரும் வேண்டும் என்றேன். அக்கா இரண்டு நாள் தெருத்தெருவாக அலைந்து பேர்களைக் கேட்டு வாங்கி அனுப்பினாள். மேலே பிள்ளையார் போடட்டுமா என்று கேட்டதற்கு மட்டும் வேண்டாம் என்றாள்.

டிசைனைப் பார்த்துவிட்டு நெடுநேரம் கழித்துத்தான் பதில் போட்டாள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாள். எப்படித் தெரியும் என்று பதில் அனுப்பினேன்.

பிளக்ஸை அங்கேயே பிரிண்ட் போட்டுத் தெருமுனையில் கட்டினார்கள். அதையே சின்னதாக அடித்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தட்டில் பழத்தோடு வைத்து வீடு வீடாகக் கொடுக்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். அக்காவும் தபால்காரரும் பல் டாக்டரும் போனார்கள். மதம் மாற்ற வந்திருக்கிறார்கள் என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒரு கிழவர் அப்பாவின் கூப்பிய கையைப் பார்த்துவிட்டு இவர் எந்தக் கட்சியில் நிற்கிறார் என்று கேட்டிருக்கிறார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் மறுநாள் அந்தத் தெருவில் முடிவெட்டும் கடைக்காரர் குழுவின் இடத்துக்கே நேரில் வந்து, மீன் கடைக்காரன் பேருக்குக் கீழே என் பேரைப் போட்டது எந்த நியாயம் என்று கேட்டுவிட்டுப் போனாராம். அக்கா இதைச் சொன்னதும், விசேஷம் நல்லபடியாக நடக்கும் என்று எனக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்தது.

பத்திரிகை வாங்கிய எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். அங்கமுத்து வருவாரா? முதலில் கேட்டவரிடம் அக்காவுக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் அப்பா என்னோடு பேசமாட்டார் என்று வாசலில் நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது? வருவார் என்று சொல்லிவிட்டாள். பிறகு தெரு முழுக்க அதையே சொல்லவேண்டியதாகிவிட்டது.

முடித்த வேலையை எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது எனக்குப் பழக்கம். கை தானாக வைத்துவிடும். எறையூர் உத்திராபதி அதைப் பார்த்துவிட்டார். அவர் அப்பாவுக்கு வாலிபத்திலிருந்து கூட்டாளி, மில்லுக்குக் கரும்பு ஏற்றிய காலத்துப் பழக்கம். மறுநாள் காலையில் மொபெட்டில் எங்கள் ஊர் வேப்பந்தட்டைக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஊர் உலகத்துக்கெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டாய், எனக்குத்தான் இல்லை என்றிருக்கிறார். அப்பா எந்த விசேஷமும் இல்லை என்று மாட்டின் மேல் சத்தியம் செய்திருக்கிறார். உத்திராபதி போனை எடுத்து நீட்டினாராம். அப்பா தன் படத்தைத் தானே பார்த்தார்.

அடுத்த பஸ்ஸில் கடைக்கு வந்துவிட்டார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அறை விழுமென்று நினைத்து நான் மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.

"எம் பேரப் போட்டிருக்க," என்றார்.

"ஆமாங்கப்பா."

"எவ்வளவு பேருக்கு வச்சிருக்கு?"

"ஒரு தெரு முழுக்க."

"வாசல்ல யாரு நிக்கிறா?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் பேரில் அழைப்புப் போயிருக்கிறது. வருகிறவன் வந்து நிற்கும்போது கைகூப்பி வாங்க என்று கேட்க அவர் அங்கே இல்லை. வந்தவன் அவரைப் பற்றி என்ன நினைப்பான்? அரியலூரில் ஒரு கல்யாணத்தில் வாசலில் பெண் வீட்டார் யாரும் இல்லாததால் சாப்பிடாமல் திரும்பி வந்தவர் அவர். அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை பேச்சு இல்லை. இப்போது ஷெஃபீல்டில் ஒரு தெருவே தன்னோடு பேச்சை நிறுத்தப்போகிறது என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

இது அக்காவின் குழு நடத்துவது என்று மெதுவாகச் சொன்னேன். அவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

"அவ வெவகாரம் வேற, இது பத்திரிக வெவகாரம்," என்றார்.

அடுத்து அத்தைக்குப் பத்திரிகை வைத்தாயா என்று கேட்டார். அவர் பேரில் விசேஷம் என்றால் உடன்பிறந்தவளுக்குத்தான் முதல் பத்திரிகை. விசேஷம் ஷெஃபீல்டில் நடக்கிறது என்றேன். எந்த ஊரில் நடந்தால் என்ன என்றார். உத்திராபதிக்கு அன்று சாயந்திரமே நேரில் போய் வைத்தார். மறுநாள் நானும் அவரும் தாம்பாளத்தோடு அரியலூர் போய், ஜெயங்கொண்டம் பஸ் பிடித்து, வரதராஜன்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, சண்டை வந்தால் தேங்காயை முதலில் ஒளித்து வைக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகேஷ் உள்ளே சோபாவில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அது அவன் அளவில் பெரிய மரியாதை. அப்பா உட்காராமல் தட்டை நீட்டி, ஷெஃபீல்டில் விசேஷம், வந்து இருந்து நடத்திக் கொடுக்கவேண்டும் என்றார். அத்தை திரும்பாமலே என்ன விசேஷம் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். மேளம், ஆட்டம் என்றேன். யாருடையது என்றாள். பத்திரிகையில் போட்டிருக்கிறது என்றார் அப்பா. அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். அண்ணன் படம் வந்ததும் கண் அங்கேயே நின்றது. பிறகு தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, முட்டி வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து வரமுடியாது என்றாள்.

கோபம் இருந்தால் தட்டையே வாங்கியிருக்கமாட்டாள். முட்டி வலி என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் பாதி சமாதானம். காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம். திரும்பும்போது அப்பா எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். ஆனால் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானாக எடுத்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் என் மூலமாகவே சொன்னார். வாசலில் சந்தனம் வைக்கச் சொல். கல்கண்டு வைக்கச் சொல். பன்னீர் தெளிக்க ஆள் போடச் சொல். அக்கா எல்லாவற்றையும் இந்தியக் கடையில் வாங்கினாள். பன்னீர்ச் சொம்பு மட்டும் கிடைக்காமல், பூச்செடிக்குத் தண்ணீர் அடிக்கிற குப்பியில் பன்னீரை ஊற்றித் தபால்காரர் கையில் கொடுத்திருந்தாள்.

அங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பம் என்றால் இங்கே நாலரை மணி. அப்பா அங்கே வாசலில் நின்று வாங்க என்று சொல்வதற்கு, கடையில் வீடியோ காலுக்குப் பெரிய திரையை எடுத்து வைத்து கேமராவைப் பொருத்தினேன். அங்கே தெருமுனையில் மேஜை போட்டு அப்பா தெரியும்படி டி.வி. வைத்து, மழை வந்தால் பிடிக்க ஒரு குடையோடு பல் டாக்டர் நின்றார். அப்பா முடிவெட்டிக்கொண்டு, கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் வந்தார். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அழைத்தவன் உட்காரக்கூடாது என்று தள்ளி வைத்துவிட்டார்.

முதலில் மூன்று பேர் வந்தார்கள். அப்பா கைகூப்பி வாங்க என்றார். அவர்கள் டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் தாங்களும் கைகூப்பினார்கள். பிறகு மீன் கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். முடிவெட்டுகிறவர் அவரைவிடப் பெரிய குடும்பத்தோடு வந்தார். கட்சியைப் பற்றிக் கேட்ட கிழவர் வந்து நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு, இடம் பிடித்து உட்கார்ந்தார். பன்னீர் அடித்தபோது சிலர் மழை என்று நினைத்துக் குடையை விரித்தார்கள். பிளக்ஸில் தங்கள் பேரைத் தேடிக் கண்டுபிடித்து, அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆபீசர் அம்மாளும் வந்தார். வீட்டுக்காரர் வரவில்லையா என்று அப்பா கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அப்பா ஒரு ஆளையும் விடவில்லை, குழந்தைக்கும் வாங்க, நாய்க்கும் வாங்க.

அப்புறம் மேளம் கேட்டது. விசில் ஊதிக்கொண்டு மார்கரெட் அம்மாள் முன்னால் வர, பச்சையும் மஞ்சளுமாக உடுத்தி ஆடிக்கொண்டே வந்தார்கள். இரண்டாவது வரிசையில் அக்கா. இடுப்பில் பெரிய மேளம், தலையில் நீல இறகு. அப்பா அவள் முகத்தைப் பார்த்து நான்கு வருஷமாகிறது. அக்கா இளைத்திருந்தாள். டி.வி.க்கு நேராக வந்ததும் அவளும் அவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, கை மட்டும் நிற்கவில்லை. அவள் நிறுத்தினால் மொத்தக் குழுவும் தடுமாறிவிடும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

அப்பாவின் கை கூப்பியபடியே இருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. நாய்க்குச் சொன்னதை அவளுக்குச் சொல்லவில்லை. மேளம் தாண்டிப் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிடலாமா என்றிருந்தது. இந்த மனுஷனை எதற்காகக் கூட்டிவந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஊர்வலம் முடிந்தது. ஆபீசர் அம்மாள் மார்கரெட் அம்மாளோடு கைகுலுக்கி, அடுத்த வருஷமும் இதே தெரு என்று சொல்வது எனக்கே கேட்டது. ஜனம் கலைய ஆரம்பித்தது. அப்பா திரையை விட்டு நகரவில்லை.

"எல்லாரும் எங்க போறாங்க?" என்றார்.

வீட்டுக்கு என்றேன்.

"பந்தி எங்க போட்டிருக்கு?"

அங்கே அந்தப் பழக்கம் இல்லை, வேண்டியவர்கள் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்வார்கள் என்று விளக்கினேன். அப்பா அப்போதுதான் கூப்பிய கையைக் கீழே விட்டார். முகம் சிவந்துவிட்டது.

"அவளக் கூப்புடு," என்றார்.

அக்கா ஓடிவந்து டி.வி. முன்னால் நின்றாள். மேளம் இன்னும் இடுப்பில் தொங்கியது. முகமெல்லாம் வேர்வை, இறகு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. நேராக அவளைப் பார்த்தே கேட்டார்.

"நம்ம வூட்டு விசேஷத்துக்கு வந்தவங்கள வெறும் வவுத்தோட அனுப்புறியே, ஒனக்கு அறிவு இருக்கா?"

 நம்ம வீடு என்று அவர் சொன்னது அக்காவுக்கும் கேட்டிருக்கிறது என்று அவள் முகத்தில் தெரிந்தது. 

"தப்புதாங்கப்பா," என்றாள். "அடுத்த வருஷம் போட்டுடலாங்கப்பா."

"நீ போட்டா சரியா வராது. நான் வந்து பாத்துக்கறேன்."

அக்கா மேளத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். பல் டாக்டர் என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். 

"அழுவாத," என்றார் அப்பா. "தலையில வச்சிருக்கறது கோணலா இருக்கு பாரு."

அக்கா இரண்டு கையாலும் இறகைப் பிடித்து நிமிர்த்தினாள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றார் அப்பா.